கபுரு போல

கண்டியில் தலை வழுக்கையாகும் வரை இருந்தும், என் சிங்களம் பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லத்தான் காணும். அதனால் ஒரு குடுவை சாகப் பார்த்தது.

குடுவை பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜின், பழைய ஒயில் ஊறிக் கறுத்த மண்ணில் எடுத்த பற்றீரியா அதற்குள். கராஜ்காரர் இப்போது நிலத்துக்குச் சீமெந்து போட்டுவிட்டார்; அந்த மண் இனிக் கிடையாது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து வரும் என் ஆய்வு மாணவியின் பட்டம் அந்தக் குடுவையை நம்பியிருந்தது.

ஒயிலிலும் புகையிலும் உள்ள சில நஞ்சுகள், காபன் வளையங்கள் ஒட்டிக்கொண்டு இலகுவில் உடையாதவை. இந்தப் பற்றீரியா ஒட்சிசனை வளையத்தில் செருகி, அதைப் பிளந்து, சிறு துண்டுகளாக்கித் தின்று, கடைசியில் தண்ணீரும் காபனீரொட்சைட்டுமாக்கிவிடும். நாங்கள் கொடுத்த தீனி இரண்டே வளையமுள்ள நப்தலீன். அலுமாரியில் போடும் பூச்சி உருண்டை.

அந்த நப்தலீன் தீர்ந்துபோனது. பல்கலைக்கழகத்தில் ஓடர் போட்டு வரும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதோ போய்விட்டது. கடையில் இதை எந்தப் பெயரில் கேட்பது என்று ஆய்வுகூட உதவியாளரிடம் விசாரித்தேன்.

“கபுரு போல, சேர்,” என்றார் சிங்களத்தில்.

கபுரு, கற்பூரம். ‘போல’வையும் தமிழாகவே எடுத்துக்கொண்டேன்.

கட்டுகஸ்தோட்டைக் கடை முதலாளியிடம், “கற்பூரம் போல, வெள்ளையா இருக்குமே, அது தாங்கோ,” என்றேன்.

“போல என்னத்துக்கு சேர்? அசலே இருக்கு. கோயிலுக்கா?”

“இல்லை, பற்றீரியாவுக்கு.”

“அது யாரு சேர்?”

விளக்கத் தெம்பில்லை. அவர் கட்டித் தந்ததும் வெள்ளையாகத்தான் இருந்தது. பொட்டலத்தோடு வந்து, பற்றீரியாவைப் புதுத் திரவத்துக்கு மாற்றி, வாங்கியதைப் போட்டேன். தடிமனால் என் மூக்கு முழுதாக அடைத்திருந்தது.

பற்றீரியா பெருகினால் திரவம் கலங்கும்; நாட்கள் போயும் கலங்கவில்லை. மாணவி குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“செத்துப் போச்சா சேர்?” மூடியைத் திறந்தவள் நிமிர்ந்தாள். “இது அலுமாரி மணக்கலியே. கோயில் மணக்குது! பூசை பண்ணியிருக்கீங்க சேர்.”

சிங்களத்தில் ‘போல’ என்றால் உருண்டை என்று உதவியாளர் விளக்கினார், சிரிக்காமல். சிரித்திருக்கலாம்.

கற்பூரம் தின்னும் பற்றீரியாவும் உலகில் உண்டு. எங்களுடையவை பட்டினி கிடந்தன. மாணவி தானே போய்ப் பூச்சி உருண்டை வாங்கிவந்து, பட்டினி கிடந்தவற்றை மறுபடி மாற்றினாள். மிச்சம் உயிர் இருக்குமோ என்று பயம். நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஒரு காலை அவள் குரல் நடைபாதைக்கே கேட்டது.

“வாங்க சேர், பாருங்க!”

கலங்கியிருந்தது. மெல்லிய மஞ்சளும். எங்கள் குடுவையில் வளையம் திறந்தால்தான் அந்த நிறம் வரும்.

“மணந்து பாருங்க சேர்.”

“நீ சொன்னால் சரி, பிள்ளை,” என்று கதிரையில் இருந்தேன். தடிமன் இன்னும் விடவில்லை.