அந்தப் பக்கம் மட்டும் அடித்த மணி

ஜுல்பிகருக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வீட்டின் முன்னறையில் நாலு கம்ப்யூட்டரைப் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினார். பரோட்டாவைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். நான் அடுத்த வீட்டுக்காரன். அவர் நடப்பதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

டயல்-அப் காலத்தில் அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. நெட் ஓடினால் போன் வராது. போன் பேசினால் நெட் ஓடாது. யாராவது ரிசீவரைத் தொட்டால் போதும், "வை, வை" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்.

அவர் மனைவி சாதிகாவின் தவிப்பு வேறு. அவள் தம்பி சேக் இஸ்மாயில் அந்த சென்டரில்தான் வேலை பார்த்தான். யாரோ ஒருவரின் ரயில் டிக்கெட்டில் தேதியைத் தப்பாக அடித்துவிட்டான் என்று, வந்தவர்கள் முன்னாலேயே ஜுல்பிகர் அவனை அறைந்துவிட்டார். அன்றைக்கே பம்பாய்க்குக் கிளம்பிப் போனவன்தான். விலாசம் கிடையாது. எப்போதாவது ஏதாவது பூத்திலிருந்து அக்காவைக் கூப்பிடுவான். திருப்பிக் கூப்பிட இவளிடம் நம்பர் இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் பிராட்பேண்ட் வந்தது. கம்பி என்னவோ அதே செம்புக் கம்பிதான். அதில் பேச்சு தாழ்ந்த அலைகளில் போகும். நெட் காதுக்கு எட்டாத உயர்ந்த அலைகளில் போகும். இரண்டும் கலக்காமல் பிரித்துவிட ஒரு சின்ன வெள்ளை டப்பா உண்டு. லைன்மேன் மலைச்சாமி டப்பாவை மாட்டி இதையெல்லாம் விளக்கியபோது, நம் ஆள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். எதுவும் காதில் ஏறவில்லை.

மறுநாளே மேசையை இடம் மாற்றினார். இது எதற்குத் தொங்குகிறது என்று டப்பாவைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, போனை நேரே கம்பியில் சொருகினார். போன் அடித்தது, நெட் அறுந்தது. பழைய கதைதான் என்று முடிவு கட்டி, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். கடை சாத்திய பிறகு சாதிகா அதை எடுத்துச் சொருகிவிட்டு, புருஷனைவிட மோசமாக முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். பாவமாக இருக்கும். போன் அடிக்கவே இல்லை.

ஐப்பசி மழையில் லைன் கெட்டு மலைச்சாமி மறுபடியும் வந்தார்.

"டப்பா எங்கண்ணே? அதக் கழட்டிட்டு, போனு மேல பழி போட்டா எப்படி?" என்று சிரித்துக்கொண்டே அதை மாட்டி, போனையும் சொருகிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து ஒரு காலை. எனக்குச் சென்னைக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார் ஜுல்பிகர். போன் அடித்தது. பழக்கத்தில் அவர் கை வயரைப் பிடுங்கப் போனது. ஆனால் நெட் அறுபடவில்லை. அதற்குள் சாதிகா ஓடிவந்து எடுத்துவிட்டாள். பழைய போன், எதிர்முனைப் பேச்சு அறைக்கே கேட்டது.

"அக்கா, நீ எடுக்க மாட்டேன்னே நெனச்சேன்."

"ஏன்டா அப்படிச் சொல்ற?"

"பெருநாளுக்கு மொத நாளு ஊருக்கு வந்தேன்க்கா. வீட்டுக்கு வர தைரியம் இல்ல. நம்ம பஸ் ஸ்டாண்டு பூத்துலருந்து எம்புட்டு நேரம் போட்டேன் தெரியுமா? மணி போய்க்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. முன்னெல்லாம் எங்கேஜாவது வரும். மச்சான் எடுக்க வேணாம்னு சொல்லிட்டாரு போலன்னு திரும்பி பஸ் ஏறிட்டேன்."

சாதிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போனு பிடுங்கிக் கெடந்துச்சுடா. இங்க மணியே அடிக்கலடா."

பிடுங்கிப் போட்ட போனுக்கும் கூப்பிடுகிறவன் காதில் மணி கேட்டுக்கொண்டிருக்கும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கூப்பிடு தூரத்தில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான் பையன்.

ஜுல்பிகர் நாற்காலியில் அப்படியே இருந்தார். பிறகு கீபோர்டை இழுத்து என் பெயரை அழித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வச்சுராத சாதிகா," என்றார். "பேசிக்கிட்டே இரு. அவனுக்கு வயசு இருபத்திரண்டுதான?"

"மச்சான் என்னக்கா சொல்றாரு?"

"ஒனக்கு ஊருக்கு டிக்கெட் போடுறாருடா."