ஹெச்.ஓ.டி. வெளியே நின்ற வகுப்பு

1. கவுன்

கனடாவில், மொன்ட்ரியாலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வகுப்புக்குள் நுழைந்து மேசைப் பக்கத்தில் நின்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். பேச ஆரம்பிப்பேன் என்று அவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பையன், "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். அவன் பெயர் லூக்.

அறுபதுகளின் கடைசி அது. ஆங்கிலவழிக் கல்லூரி ஒன்றில், தொழிற்புரட்சியிலிருந்து முதல் உலகப்போர் வரைக்குமான பிரிட்டிஷ் சமுதாய வரலாறு என்னுடைய பேப்பர். அதற்கு முன் திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரியில் படித்து, அங்கேயே லெக்சரராகவும் இருந்தேன். அங்கே கவுன் போடாமல் வகுப்புக்குப் போக முடியாது. எனவே இங்கேயும் பட்டுப் புடவைக்கு மேல் கறுப்புக் கவுன் போட்டேன். புடவைக்கு உள்ளே குளிருக்காக என் கணவரின் கம்பளிக் கால்சட்டை.

"வசந்தா, நீ போறது காலேஜுக்கா, ஹைகோர்ட்டுக்கா?" என்று கேட்டார் கணவர். அவர் இன்ஜினியர். ஊரின் வடக்குப் பக்கம், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் ஃப்ளாட்.

"மரியாதைக்குப் போடறதுங்க."

"யாருக்கு மரியாதை?"

கவுனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கவுன் மட்டுமா? பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், குடும்பப் பெயர்தான். பேச வேண்டுமென்றால் எழுந்து நின்று அனுமதி கேட்க வேண்டும். நோட்ஸைக் கமா, ஃபுல்ஸ்டாப் உட்படச் சொல்லி எழுத வைப்பேன். பெல் அடித்தால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். தலைமுடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காரும் பிள்ளைகளிடம் இதெல்லாம்.

பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. லூக் நேராக ஹெச்.ஓ.டி.யிடம் போய்விட்டான். அவன் பிரெஞ்சுக்காரப் பையன், கியூபெக்கில் அப்போதுதான் பள்ளிக்கூடங்களிலிருந்து பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் விலகிக்கொண்டிருந்தார்கள். "நாங்க இப்பத்தான் கன்னியாஸ்திரிங்களை வீட்டுக்கு அனுப்பினோம். இவங்களை எங்கேயிருந்து புடிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

2. கதவு

ஹெச்.ஓ.டி. மிஸ்டர் ஹாரிஸ் ஆங்கிலேயர். லங்காஷயர்க்காரர். கோட்டு டை கிடையாது, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர். மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது.

"வசந்தா, வியாழக்கிழமை உங்க வகுப்புல வந்து உட்கார்றேன். கான்ட்ராக்ட் விஷயமா ஒரு முடிவு எடுக்கணும்ல?" என்றார்.

இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம் முழுக்க ஃப்ளாட்டில் தனியாக உட்கார்ந்து, பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். மனிதக் குரல் கேட்கவே தெருமுனை டெபானரில், அதாவது பெட்டிக்கடையில் போய்த் தேவையில்லாமல் தீப்பெட்டி வாங்குவேன். கணவர் சம்பளத்தில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் இன்னொரு குளிர்காலம் அப்படி என்னால் முடியாது. இந்த வேலை எனக்கு வேண்டும்.

வியாழக்கிழமை நல்ல பனி. பெல் அடிக்கும்வரை ஹாரிஸ் வரவில்லை. மறந்திருப்பார், தப்பித்தோம் என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அன்றைய பாடம் பஞ்சாலைகளின் கட்டுப்பாடு. விசிலடித்தால் அபராதம், ஜன்னல் திறந்தால் அபராதம் என்று போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம்.

திரும்பாமலே சொன்னேன்: "பெல் அடிச்சாச்சு. வெளியவே நில்லுங்க."

மறுபடியும் தட்டினார்கள். லூக் உட்கார்ந்தபடியே, "மேடம், அது வந்து..." என்றான்.

"அனுமதியில்லாம பேசக்கூடாது."

அவன் எழுந்து நின்று கையைத் தூக்கினான். "அப்புறம்" என்று உட்கார வைத்தேன்.

நான் பாட்டுக்கு நடத்தினேன். மில் மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், பிந்தி வந்தவன் மழையோ பனியோ வெளியே நிற்க வேண்டியதுதான், அரைநாள் கூலி போச்சு, காரணம் சொன்னாலும் கேட்க ஆள் கிடையாது. வகுப்பு மூச்சுக்கூட விடாமல் கேட்டது. அடடா, பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று பூரித்துப்போய்த் திரும்பினேன். எல்லார் கண்ணும் கதவில் இருந்தது. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால், தலையெல்லாம் பனியோடு ஹாரிஸ்.

எப்படிப் போய்த் திறந்தேன் என்று தெரியாது. "சார், மன்னிக்கணும், உள்ள வாங்க சார்."

"மஞ்சள் லைன் மெட்ரோ நடுவுல நின்னுபோச்சு" என்றார். அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில். "இருந்தாலும் பெல் அடிச்சாச்சே. நீங்க நடத்துங்க, நான் இங்கயே நிக்கறேன்."

கடைசிவரை உள்ளே வரவே இல்லை. திறந்த கதவுக்கு வெளியே, ஈரப் பூட்ஸோடு நின்றே கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. வேலை போச்சு என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

3. ஹாரிஸின் அறை

"எங்க தாத்தா மில்லுல இருந்தவர். அந்த கேட்டைப் பத்தி நானும் வருஷக்கணக்கா பாடம் நடத்தறேன். இன்னிக்குத்தான் வெளிய நின்னு பார்த்தேன். பிரமாதமான ஐடியா" என்றார் ஹாரிஸ்.

ஐடியாவாம். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"ஐடியா எல்லாம் இல்ல சார். தினமும் அப்படித்தான் சாத்துவேன். எங்க மதர் சுப்பீரியர் சாத்துவாங்க. அவங்களுக்கு இங்கிலாந்துல யாரோ சாத்தியிருக்காங்க."

ஒரு நிமிஷம் என்னையும் கவுனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் விக்டோரியா காலத்து ஆள் ஒருத்தர் கிடைக்க மாட்டாங்க. இங்க மாசச் சம்பளத்துக்கு ஒருத்தரை வச்சிருக்கோம், எனக்குத் தெரியலையே."

"அப்போ கான்ட்ராக்ட் சார்?"

"அடுத்த வருஷமும் வாங்க. மில் பாடத்தன்னிக்கு மட்டும் கவுன் போடுங்க. மத்த நாள் கதவு திறந்திருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம். யாருக்கு மரியாதை என்ற கணவரின் கேள்விக்கும் அன்றுதான் பதில் கிடைத்தது: விக்டோரியா மகாராணிக்கு.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தக் காலத்து மனிதர்கள் அப்படி இருந்தார்கள் என்று நடத்துவதற்குமுன், நாம் எப்படி இருக்கிறோம் என்று ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கதவுக் கண்ணாடிதான் காட்டியது.

அடுத்த வகுப்புக்குக் கவுன் இல்லாமல் போனேன். கதவை அகலத் திறந்து வைத்தேன். லூக் பிந்தி வந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"என்ன லூக், கதவு திறந்துதானே இருக்கு? உள்ள வா."

உள்ளே வந்தான். வந்தவன் திரும்பி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான்.