இடித்த கட்டடத்தின் தண்ணீர் மட்டம்

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி அனுப்பும் கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்ட அக்கா எனக்குப் பக்கத்து சீட். கழுத்தில் மெல்லிய சிலுவை, எதற்கும் உயராத குரல். காலையில் கம்ப்யூட்டரில் ஒரு டேபிளைத் திறந்து பார்க்காமல் டீயைத் தொடமாட்டார். அபார்ட்மென்ட் தொட்டிகளின் மட்டம் அதில் தெரியும். டேபிள்தான் எங்களுடையது, அதில் தெரியும் தகவல் வேறு யாரோ எழுதுவது, எங்கோ கிளவுடில் இருந்தது. எங்களால் படிக்க முடியும், அழிக்க முடியாது.

ஒரு கோடையில், இடித்துத் தள்ளிய அபார்ட்மென்ட் ஒன்றின் பெயரும் அதில் வந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன்.

"பழைய டேட்டாவா இருக்கும்க்கா."

"இல்லப்பா. டெய்லி காலைல மட்டம் இறங்குது. யாரோ குளிக்கிறாங்க."

"அங்க வெறும் மண்ணுதான்க்கா இருக்கு!"

"எழுதுறது யாருன்னு நமக்குத் தெரியாது. நாம படிக்கிறோம், அவ்ளோதான்."

மறுநாள் அந்தத் தொட்டி வறண்டதாகக் காட்டியது. ஊரே லாரிக்குக் காத்திருக்க, அவர் அங்கே ஒன்றை அனுப்பினார். நான் கத்தித் தீர்த்தேன்.

மதியம் லாரி காலியாகத் திரும்பியது. டேபிளில் தொட்டி நிரம்பியிருந்தது. யார் வாங்கிக்கொண்டார்கள் என்று டிரைவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா காலையில் வாங்கிவைத்த டீயை அப்போதுதான் எடுத்துக் குடித்தார்.