மேட்டுப்பக்க இருக்கை கேட்டவர்கள்

ஒரு காருக்கு ஒரே ஒரு பிரேக்தான் என்று அதைச் செய்தவர்கள் நம்புகிறார்கள். வாடகைக்கு ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும், உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ அத்தனை பிரேக்குகள் உண்டு என்பது. பின் இருக்கையில் ஒரு கால் தரையை ஓங்கி மிதிப்பதை முதுகால் உணர்ந்தபடியே வண்டி ஓட்டிய, என்னைப் போல் அவதிப்பட்ட வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பின் இருக்கையில் இருந்தவாறே படிக்கலாம்.

எழுபதுகளின் நடுவில் என் கணவர் காலமானபோது, ஏற்காட்டில் ஒரு சிறிய தங்கும் விடுதியையும் கறுப்பு அம்பாசிடர் ஒன்றையும் விட்டுச் சென்றார். டிரைவர் ஒருவரையும் விட்டுச் சென்றார். அவர் அடுத்த மாதமே லாரிக்குப் போய்விட்டார். விடுதியை விற்றுவிட்டுத் தங்களோடு வந்து இருக்கும்படி என் மகன்கள் இருவரும் முறைவைத்து வற்புறுத்தினார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கவைத்துக்கொண்டு மருமகள் வீட்டுக் கூடத்தில் காலம் தள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை. இயற்பியலில் முதுகலை படித்தவள். பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவள். ஓட்டுநர் உரிமத்தைக் கணவருக்கு முன்பே வாங்கியவள். ஆகவே நானே ஓட்டினேன்.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திவிட வேண்டும். எங்கள் விருந்தினர்கள் சேலம் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்குவார்கள். என் காரில் ஏறினால் என் விடுதி. ஏற மறுத்து டாக்சி பிடித்தால், அந்த டிரைவர் தமக்கு வேண்டிய விடுதியில்தான் அவர்களை இறக்குவார். எனவே விடுதி என் கையில் நிலைக்குமா என்பது படுக்கை விரிப்பின் வெண்மையிலோ குழம்பின் ருசியிலோ இல்லை. கார்க் கதவருகே தீர்மானமாயிற்று. ஏற்காடு கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாய், தம் கடைத் தொலைபேசியில் எங்களுக்கு வரும் முன்பதிவுகளைக் கேட்டுச் சொல்வார். திரும்பிப் போகிறவர்களின் அபிப்பிராயங்களையும் கேட்டுச் சொல்வார். இரண்டாவது உதவியை நான் கோரியதில்லை.

டிரைவர் வரட்டும்

ஈரோட்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், மனைவியோடு பின் இருக்கையில் ஏறி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, காத்திருக்கலானார். நான் ஸ்டீயரிங்கின் முன் அமர்ந்து இஞ்சினைக் கிளப்பினேன். "ஏனுங்கம்மா, அதையெல்லாம் தொடாதீங்க. டிரைவர் வந்தா கோவிச்சுக்குவாரு" என்றார். நான்தான் டிரைவர் என்று தெரிவித்தேன்.

அவர் இறங்கினார். நான்கு டயர்களையும் காலால் உதைத்துப் பார்த்தார். உரிமத்தைக் கேட்டு வாங்கி, வெயிலில் பிடித்துப் படித்தார். அதில் குறையொன்றும் இல்லாதது அவருக்கு ஏமாற்றமாக இருந்ததுபோல் தோன்றியது. "மலை ரோடுங்க" என்றார் பொதுவாக. அந்தச் சாலையை நானே போட்டதுபோல் குற்ற உணர்வோடு "ஆமாம்" என்றேன். அதற்குள் பக்கத்து டாக்சிக்காரர் வந்து அவருடைய பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். ஓர் அறை என் கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தபோது, காரிலிருந்து இறங்காமலே இருந்த தாசில்தாரின் மனைவி வெற்றிலைப் பையைச் சுருக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருசமா நீங்க குடும்பத்த ஓட்டுனீங்களே, நானு எறங்கி டயர உதைச்சுப் பாத்தனுங்களா? பேசாம ஏறி உக்காருங்க."

மேட்டுப்பக்கம்

எங்கள் மலைச்சாலையில் இடம், வலம் என்பவற்றுக்கு அவ்வளவாக மதிப்பில்லை. பாறைச்சுவர் எழும் பக்கம் மேட்டுப்பக்கம். ஆழம் இறங்கும் பக்கம் பள்ளத்துப்பக்கம். கரூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இந்தச் சொற்களை யாரிடமோ கேட்டறிந்து வந்து, ஏறும்போதே "எனக்கு மேட்டுப்பக்கம் சீட்டு குடுத்துருங்க" என்றார். கொடுத்தேன். நல்ல கனத்த உடம்பு. கொண்டை ஊசி வளைவு ஒன்றைத் தாண்டியதும் மேட்டுப்பக்கம் பள்ளத்துப்பக்கமாக மாறிவிடும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் வளைவு திரும்பியதும் அவர் வெளியே பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மனைவியையும் மாமியாரையும் கடந்து மறுபக்கம் போனார். அடுத்த வளைவில் திரும்பி வந்தார். அவர் போன பக்கமெல்லாம் வண்டி தாழ்ந்தது. பள்ளியைவிட்டு வந்த பிறகும் என்னைவிட்டுப் பள்ளி போகவில்லை. வண்டியை நிறுத்தி, ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்பதையும், ஒருவர் இடம் மாறுவதால் அது எவ்வளவு சொற்பமாக நகரும் என்பதையும், என்னையும் சேர்த்து நால்வரும் ஒரே பக்கம் சேர்ந்தாலும் வண்டி கவிழாது என்பதையும் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து விளக்கினேன். தெளிவான விளக்கம் என்று இன்றும் கருதுகிறேன். ஆனால் 'கவிழ' என்ற சொல் ஒன்றுதான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. அதற்குப்பின் ஒவ்வொரு வளைவிலும் மூவரும், பிஸ்கட் டின்னும், ஒன்றாக நகர்ந்தார்கள்.

மேலே போய் இறங்கியதும் மாமியார் சேலையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார்: "ஏனுங்க டீச்சரம்மா, நீங்க பாடம் எடுக்காம இருந்திருந்தா மாப்பிள்ளை ஒருத்தரு மட்டுந்தான் நகந்திருப்பாரு."

ஓரம்

சமவெளியில் சைக்கிள் பழகிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் சொல்லி அனுப்பும் வார்த்தை, "ஓரமா போ." சென்னையிலிருந்து புது மனைவியோடு வந்த கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் அந்த வார்த்தையையும் தம்மோடு மலைக்குக் கொண்டுவந்திருந்தார். எதிரே பஸ் வந்தால், "கொஞ்சம் ஓரமா போங்க மேடம்." ஜீப் வந்தால், "ஓரமா, ஓரமா." காப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிக்கும் அதே உபதேசம். நான் ஓட்டும் முறையை விமர்சிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொருள் உணராமல் ஒரு சொல்லைப் பயன்படுத்துவதைப் பொறுப்பதில்லை. இடப்பக்கம் பள்ளமாக இருந்த ஒரு நீண்ட திருப்பத்தில் அவர் மறுபடியும் "ஓரமா போங்க" என்றபோது, ஓரமாகப் போனேன்.

அபாயமான ஓரமில்லை, தடுப்புக்கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். ஆனால் அவருடைய ஜன்னலிலிருந்து கல் தெரியாது. கீழே, சில்வர் ஓக் மரங்களின் உச்சிகள் தெரியும். அவர் தம் இருக்கையின் ஓரத்தைவிட்டு நடுவுக்கு நகர்ந்துகொண்டார். ஒரு மாணவனுக்குச் சொல்லின் பொருள் விளங்கிவிட்டது என்ற நிறைவோடு விடுதி வாசலில் வண்டியை நிறுத்தினேன். மறுநாள் காலையே அவர் மனைவியோடு பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிவிட்டார். அந்த வாரம் வந்திருந்த என் மூத்த மகன், காலியான அறையின் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, "மெத்தை நல்லாத்தானே இருக்கு, ஏம்மா யாரும் தங்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டான். நடந்ததைக் காதர் பாயிடம் சொல்லி, தவறு விரிவுரையாளருடைய தமிழில்தான் என்று நிலைநாட்ட முயன்றேன். பாய் சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "அவரு பேசுனது தமிழுதானுங்க டீச்சரம்மா, நீங்கதான் அகராதியப் பாத்து ஓட்டிப்புட்டீங்க."

பெட்டி

ஏற்காட்டை அடுத்த தலைச்சோலையில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் ஒரு அம்மாள், வாரந்தோறும் சந்தைக்கு லாரியில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போவார். பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூட இருக்காது. ஒரு மழை நாளில் பரிதாபப்பட்டு அவரைக் காரில் ஏற்றினேன். கதவைச் சாத்தியதுமே அவர் முகம் வெளிறிவிட்டது. கைப்பிடியைத் தேடிக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்து, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். மழைச்சாரல் உள்ளே அடித்தது. சாத்துங்கள் என்றேன், அவர் கேட்கவில்லை. என் கார் எவ்வளவு பாதுகாப்பானது என்று நான் விளக்க விளக்க, அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். பாதி வழியில், நல்ல மழையில், இறங்கிக்கொண்டார்: "லாரின்னா எந்தப் பக்கம் வேணாலும் குதிச்சுக்கலாமுங்க சாமி, இது பொட்டியாட்டம் நொம்ப இருட்டா இருக்குது."

சேலத்தில் நான்

இதுவரை பிறரைச் சொன்னேன். என் கார் பட்டறையில் நின்ற ஒரு நாள், விருந்தினரை எதிர்கொள்ள, சேலம்வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ஜங்ஷனுக்கு ஆட்டோவிலும் போக நேர்ந்தது. மலையில் எது வரும், எங்கே வரும் என்பது எனக்குத் தெரியும். சேலத்தின் தட்டையான தெருக்களில் சைக்கிளும் எருமையும் பள்ளிப் பிள்ளைகளும் எந்தச் சந்திலிருந்தும் எந்தக் கோணத்திலும் புறப்படலாம். அதற்கு இயற்பியலில் விதி கிடையாது. "பிரேக்" என்றேன். "சைக்கிள்" என்றேன். "வலப்பக்கம் பார்" என்றேன். என் வலது கால் ஆட்டோவின் தகரத் தரையை மிதித்துக்கொண்டிருப்பதை இடது கால் சொல்லித்தான் அறிந்தேன். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, என்னைத் திரும்பிப் பார்த்து, கோபமேயில்லாமல் சொன்னார்: "அம்மா, ஒண்ணு நீங்க ஓட்டுங்க, இல்லீன்னா நானு ஓட்டறேன், ரெண்டு பேரும் ஓட்டுனா வண்டி யாரு பேச்சத்தான் கேக்கும்?"

மூடுபனி

எண்பதுகளில் ஒரு சித்திரை. முந்தைய இரண்டு கோடைகள் சரியாகப் போகவில்லை. இந்தக் கோடையும் அறைகள் நிரம்பாவிட்டால் விற்றுவிடுகிறேன் என்று மகன்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்; சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எனக்கில்லை. அவர்களோ விடுதியை வாங்கும் ஆளையே கூட்டிவந்துவிட்டார்கள். அவர் அளவு நாடாவோடு தாழ்வாரத்தை அளந்துகொண்டிருந்த காலையில்தான் காதர் பாய் செய்தி சொல்லி அனுப்பினார். திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் ஒரு பெரிய குடும்பத்துக்கு, மாதம் முழுவதும், எல்லா அறைகளும் வேண்டியிருந்தன. அந்த வீட்டுப் பெரியம்மா மட்டும் மருமகளோடு முன்னதாக வந்து, பிடித்தால் பேசி முடிப்பார். பாய் கூடவே ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார்: "அந்தம்மா நொம்பப் பயந்த சுபாவமாம். பாடம் எதுவும் எடுத்துப்புடாதீங்க."

எடுக்கவில்லை. ஜங்ஷனில் அவரை ஏற்றியபோது, வழக்கம்போல் "பயப்படாதீர்கள்" என்றேன். பாதி மலை ஏறியதும் மூடுபனி இறங்கியது. சிறிது நேரத்தில் பானெட்டின் முனை மறைந்தது. "ஏனுங்க, ரோடு தெரியுதுங்களா?" என்றார் பெரியம்மா. தொழில் தெரிந்தவர் எவரும் 'தெரிகிறது' என்றுதான் சொல்வார். "தெரியவில்லை" என்றேன். மேட்டுப்பக்கம் அகலமான ஓர் இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, விளக்குகளைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டார். "இருக்கிறது" என்றேன். எனக்கு அந்த அளவு நாடா நினைவுக்கு வந்தது. பின்னால் வந்த டாக்சி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே எங்களைக் கடந்தது, "என்னங்க டீச்சரம்மா, ரோடு தொலைஞ்சு போச்சா?" என்று டிரைவர் கேட்டுவிட்டுப் போனார். பெரியம்மா ஒரு டப்பாவைத் திறந்து எனக்கும் மருமகளுக்கும் முறுக்கு கொடுத்தார். பனி விலகும்வரை மூவரும் அதைக் கடிக்கும் சத்தம் மட்டுமே இருந்தது.

வாசகர்கள் எதிர்பார்ப்பதுபோல் அந்த டாக்சி பள்ளத்தில் விழவில்லை. எங்களுக்கு முன்பே போய், ஆட்களை இறக்கி, டீ குடித்து, திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. கடைவீதியில் நான் வண்டியை நிறுத்தியதும் காதர் பாய் ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வண்டியில சவுகரியமா வந்தீங்களாம்மா?" என்று பெரியம்மாவைக் கேட்டார். பெரியம்மா முறுக்கு டப்பாவை மூடினார்: "அதான் எனக்கும் சேத்து இந்தம்மா பயந்துக்கறாங்களே பாய், நானு எதுக்குத் தனியா பயந்துக்கோணும்? மாசம் பூராவும் எல்லா ரூமும் நம்மளுக்கே எழுதிக்குங்க, ஏத்தறதுக்கும் எறக்கறதுக்கும் இந்த வண்டியே வரோணும்."

ஆக, வாடகைக் கார் ஓட்டுபவர் சுமக்கும் சாமான்களில் பயணியின் பயமும் ஒன்று. அதற்குத் தனி வாடகை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றிய நேரத்தில் காரை விற்றுவிட்டிருந்தேன்.