மூன்று கிழமை வேலை பார்த்த குற்றம்

இந்த வெள்ளைக்கார நாட்டில் வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கேக் வெட்டுகிறார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து போன மாதம் ஏமி என்ற பெட்டையை அப்படித்தான் வழியனுப்பினோம். இருபது வயது. அலுத்துப் போச்சு என்பதுதான் அவள் சொன்ன காரணம். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். தெரியாது, கோடை முடியட்டும், பார்க்கலாம் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் பேய் பிடித்துவிட்டதென்று நூல் கட்டக் கொண்டு போயிருப்பார்கள். எங்கள் மனேஜர் லிண்டா கேக்கைச் சாப்பிட்டபடி, "நீ படித்து முடித்துவிட்டு என்ன செய்தாய்?" என்று கேட்டாள். அரசாங்க வேலைக்காக நாலு வருசம் வீட்டில் இருந்தேன் என்றேன். வேலை தருவதாக எழுத்தில் தந்திருந்தார்களா? இல்லை. பிறகு எப்படித் தெரியும், தருவார்களென்று? எல்லோரும் இருந்தார்கள், நானும் இருந்தேன் என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனாள்.

லிண்டாவுக்கு விளங்காது. இதை வாசிக்கிற உங்களுக்கு விளங்கும். நான் திருகோணமலைப் பக்கம் சம்பூர்க்காரி. சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்து படித்து, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கினவள். அப்பாவுக்குத் தோட்டம் தெரியும், கொஞ்சம் கடலும் தெரியும். வீடு, வள்ளம், மாடு எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போனதைக் கண்ட மனிசன். அரசாங்க உத்தியோகம் மட்டும்தான் ஓட வேண்டி வந்தாலும் கூடவே ஓடி வரும் என்பார். முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தது. மாதம் பிறந்தால் அவர்களுக்குச் சம்பளம் வரும், அன்றைக்கு அங்கே இறைச்சிக் கறி மணக்கும். அந்த மணத்தில் அப்பா எடுத்த முடிவு, நான் பட்டம் வாங்கிய பிறகும் மாறவில்லை.

பட்டம் கிடைத்த கையோடு நிலாவெளியில் ஒரு ஹோட்டலில், வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளைக்காரரோடு கதைக்கக் கூச்சம் விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் கிழமை அப்பா யாரிடமோ கதை கேட்டுவிட்டு விழுந்தடித்துக்கொண்டு வந்தார். தனியார் இடத்தில் சேமலாப நிதி கட்டினால் நாங்கள் வேலை கிடைத்த ஆட்கள் என்று பதிவாகிவிடுமாம், பிறகு அரசாங்கம் கொடுக்கும் பட்டதாரி நியமனத்தில் பெயரை வெட்டிவிடுவார்களாம். "பிள்ளை, இதை விடு. இண்டைக்கே விடு," என்று ஹோட்டல் வாசலில் நின்று சொன்னார். நான் உள்ளே போய் மனேஜரிடம், "சேர், எனக்கு சேமலாப நிதி கட்டாமல் விட ஏலுமா?" என்று கேட்டேன். பின்னாளில் கிடைக்கவேண்டிய சொந்தக் காசை வேண்டாம் என்று எந்த ஊரில் ஒருத்தி கெஞ்சியிருப்பாள்? அந்த மனிசன் நேர்மையான ஆள். "முதல் நாளே பதிஞ்சு போட்டன் தங்கச்சி. சட்டம் அப்பிடித்தானே," என்றார். அன்றே வேலையை விட்டேன்.

பிறகு நாலு வருசம். என்னோடு படித்த மூதூர் பஸீலாவும் நானும் மற்றப் பட்டதாரிகளோடு சேர்ந்து, வேலை கேட்டுத் திருகோணமலை வெயிலில் பதாகை பிடித்தோம். மற்ற நாட்களில் வீட்டில் பிள்ளைகளுக்கு ரியூசன். கலியாணம் பேசி வந்தவர்கள்கூட, "நியமனம் வந்திட்டுதோ?" என்று கேட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். கடைசியில் நியமனம் வந்தது. பஸீலாவின் பெயர் இருந்தது, என்னுடையது இல்லை. அந்த மூன்று கிழமையால் நான் வேலை உள்ளவளாம். இருந்த வேலையையும் விடவைத்தாரே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்பாவோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பஸீலா வேலைக்குச் சேர்ந்த கந்தோரிலிருந்து போன் எடுத்து ஆறுதல் சொன்னாள். "இஞ்ச எங்களுக்கு வேலயும் இல்ல, கதிரயும் இல்லடி. ஒரு கதிரைல ரெண்டு பேர் மாறி மாறித்தான் இரிக்கம்." நான் அந்தப் பாதிக் கதிரைக்காகவே அழுதேன்.

எனக்குத் தெரியாமல் அப்பா மேன்முறையீடு எழுதிக் கொடுத்திருந்தார். நான் பராமரிப்பு விசாவில் இங்கே வந்து, யார் யாரையோ பெற்ற தாய் தகப்பனைக் குளிப்பாட்டப் பழகிய பிறகும், அவர் கிண்ணியா வழியாக பஸ் ஏறி நகரத்துக் கந்தோருக்குப் போய் விசாரித்துக்கொண்டே இருந்தார். ஏமி போன அடுத்த கிழமை பதில் வந்தது. நேர்முகத்துக்கு நேரில் வரட்டாம். எனக்கு வயதெல்லை முடியப் போகிறது, இதை விட்டால் இனி இல்லை. லிண்டாவிடம் லீவு கேட்டேன். இந்தக் கிழமை ஆள் இல்லை, அடுத்த மாதம் போ என்றாள். திகதியை மாற்ற மாட்டார்கள் என்றேன். "கேட்டுப் பார். அவர்களுக்கு நீ தேவையென்றால் காத்திருப்பார்கள்தானே?" என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை, நிசமாகத்தான் சொன்னாள். தேவை என்ற சொல்லை இவ்வளவு நாளும் நான் அந்தப் பக்கமிருந்து பார்த்ததே இல்லை.

சொல்லாமல் போனால் விசா போகும். போய் வேலை கிடைக்காவிட்டால் இரண்டும் இல்லை. கிடைத்தால் பஸீலாவின் கதிரையில் மூன்றாவது ஆளாக இருக்கலாம். சரி பிழை தெரியாமல் நாலு நாள் விசர் பிடித்த மாதிரித் திரிந்தேன். பிறகு அப்பாவுக்கு எடுத்து, வரமாட்டேன், இதோடு விடுங்கோ என்றேன். அவர் ஏசவில்லை. "ஓம் பிள்ளை, உன்ர விருப்பம்," என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நேர்முக நாளன்று காலை இங்கே ஒரு கிழவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிசன், ஆளும் பெயரும் மட்டும் அவருக்கு நினைவில் நிற்காது. என்னைத் தன் மகள் என்று நினைத்து, ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று கேட்டார். வேலை அப்பா என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஓய்வு நேரத்தில் போனைப் பார்த்தால் அப்பா எடுத்திருந்தார். திரும்ப எடுத்தேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"எங்க நிக்கிறீங்கள்?"

"ரவுண் கந்தோருக்கு வந்தனான். காலமை முதல் பஸ்ஸில வெளிக்கிட்டனான். உன்ர சேட்டிபிக்கட் எல்லாம் கொண்டு வந்தனான்."

"ஏனப்பா? நான்தான் வரேல்லையெண்டு சொன்னனானே."

"ஓம். எல்லாம் உன்ர வயசுப் பிள்ளையள். நான் பின்னுக்குப் போய் இருந்தனான். மத்தியானத்துக்குப் பிறகுதான் உன்ர பேரைக் கூப்பிட்டாங்கள். பேசாமல் இருந்தால் ஆள் இல்லையெண்டு அடுத்த பேருக்குப் போயிருவாங்கள். அதான் நான் எழும்பினனான்."

"எழும்பி என்ன சொன்னீங்கள்?"

"இருக்கிறா எண்டு சொன்னனான், பிள்ளை."