ரோமுக்குப் போய்வந்த கோலிக்குண்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர்: நான், என் மனைவி, அவள் தங்கை, தங்கையின் கணவரான என் சகலை, எங்கள் இருவருக்கும் பொதுவான மாமனார், பிறகு எங்கள் பங்குக் கோயில் உபதேசியார். சமையலறை மூலையில் ஒரு வாளியும் இருந்தது. அதை ஆள் கணக்கில் சேர்க்க முடியாது என்றாலும் என் காதில் அன்று அதிகம் விழுந்தது அதன் குரல்தான். ஜூன் மழைக்குக் கூரை ஒழுகி ஒவ்வொரு சொட்டும் அதில் 'டொக்' என்று விழுந்தது. அந்தக் கூரைக்குக் கான்கிரீட் போட்ட கொத்தனார் நான்.

வீடு சகலையுடையது, குன்னூரில். அவர் ரோமாபுரிக்குப் போய்த் திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, போட்டோ பார்க்கலாம் என்று எங்களை உட்கார வைத்திருந்தார்.

அவர் போனது என் சீட்டில்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் அன்று வர்க்கியைத் தேநீரில் முக்கிவிட்டு எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தது ஏன் என்று புரியாது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். கேத்திக்கு மேலே ஒன்றரை ஏக்கர் தேயிலை, மற்ற நாட்களில் கொத்து வேலை. பச்சைத்தேயிலைக்கு நல்ல விலை கிடைத்தபோது எங்கள் பக்கத்தில் எல்லோரும் வீடு கட்டினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் வரும்படி. அந்தச் சமயத்தில்தான் ஃபாதர், ரோமுக்குத் திருயாத்திரை கூட்டிப்போவதாகப் பூசையில் அறிவித்தார். ஆளுக்கு இருபதாயிரம் முன்பணம், மீதி தவணையில். நான் மூன்று நாள் கவலைப்பட்டேன். விமானம் விழுந்தால்? பாஸ்போர்ட் தொலைந்தால்? கூட்டத்தில் வழி தவறினால் யாரிடம் எந்தப் பாஷையில் கேட்பது? நான்காம் நாள் போய்ப் பணத்தைக் கட்டினேன். கட்டிவிட்டு வந்து, கட்டியதற்காகக் கவலைப்பட்டேன்.

யாத்திரை போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஹாலில் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து விளக்கம் சொன்னது சகலை. அவர் சமூக அறிவியல் வாத்தியார். அப்போது அவர் யாத்திரைப் பட்டியலில் இல்லை, விளக்கம் சொல்ல மட்டும் வந்தார். மற்றவர்கள் புனிதர்களைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். ஒரு வாரம் பாந்தியன் என்ற கட்டடம் வந்தது. வட்டமான கட்டடம், மேலே கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி கூரை. உள்ளே ஒரு கம்பி கிடையாது, வெறும் கான்கிரீட். ரோமப் பேரரசர்கள் காலத்தில் போட்டது, இன்னும் நிற்கிறது. பிற்காலத்தில் அதைக் கோயிலாகவும் ஆக்கிவிட்டார்கள். கூரையின் உச்சியில் முப்பது அடி அகலத்துக்கு ஓர் ஓட்டை. கண்ணாடி இல்லை, மூடி இல்லை, ஆகாயம்தான்.

எழுந்து கேட்டேன்.

"ஃபாதர், மழை பேஞ்சா தண்ணி எங்கீங்க போகும்?"

ஹால் சிரித்தது. சகலை புத்தகத்தை மூடாமலே சொன்னார்: "சகல, மொதல்ல எங்க ஊட்டு ஒழுக்க நிறுத்துங்க. ரோமாபுரிய அப்பறம் பாத்துக்கலாம்."

ஃபாதரும் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "தரையில சின்னச் சின்ன ஓட்டை இருக்கறதாப் படிச்ச ஞாபகம். சரியாத் தெரியலப்பா. நீதான போற, பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

பார்த்துவிட்டு வந்து சொல்லு. என்னை இதுவரை கட்டச் சொல்லியிருக்கிறார்கள், இடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பூசச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் ரோமுக்குப் போக ஆசைப்பட்டேன் என்று சொன்னால் ஃபாதர் வருத்தப்படுவார். ஆனால் அதுதான் உண்மை.

முதல் தவணை கட்ட வேண்டிய சமயத்தில் தேயிலை விலை விழுந்தது. வாராவாரம் விழுந்தது. பறிக்கிற கூலிக்கே இலை கட்டாது என்று பலபேர் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஃபேக்டரியில் காசு கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள், அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஜன்னல் மட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். டிராவல்ஸ் ஆபீசில் கேட்டதற்கு, முன்பணம் திரும்பாது, வேண்டுமானால் வேறு ஆள் பேருக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள்.

அந்த வாரமே சகலை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சகல. சீட்டு வீணாப் போகுதேன்னுதான் கேக்கறேன். லீவு சமயம் வேற. நான் வேணா எடுத்துக்கட்டுங்களா?"

தேயிலை என்ன விலைக்குப் போனாலும் வாத்தியாருக்கு ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதிதான். நான் கட்டிய முன்பணத்தில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மீதியைப் போய்வந்து தருவதாகச் சொன்னார். "அதுக்கென்னங்க, நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்று சிரித்தேன். அவர் போனதும் என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, பல்லு வலிக்குதுங்களா?"

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் போய் ஒரு கோலிக்குண்டைக் கொடுத்தேன். பச்சைக் கண்ணாடி, உள்ளே வெள்ளைச் சுழி. தளம் போட்டு முடித்ததும் தண்ணீர் ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று நான் அதை உருட்டித்தான் பார்ப்பேன். ரசமட்டத்தைவிட அதன்மேல் எனக்கு நம்பிக்கை.

"பாந்தியன்ல அந்த ஓட்டைக்கு நேர் கீழ இத வையுங்க. எந்தப் பக்கம் உருளுதுன்னு பாருங்க. தரையில ஓட்டை இருந்தா எத்தனன்னு எண்ணுங்க. அது போதும்."

"ஃபாரின் போற மனுசன்கிட்ட கோலிக்குண்டுங்களா மச்சான்?" என்று கொழுந்தியாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சகலை அதை வாங்கிச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு "சரிங்க சகல" என்றார். அவர் சரி சொன்ன விதத்தை வைத்து, இவர் செய்யமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சகலை உட்காரவில்லை. மடக்கிய குடை ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "கைடு இப்படித்தாங்க புடிச்சிருப்பாரு. நாப்பது பேரும் இந்தக் குடையவே பாத்துட்டு நடக்கோணும். விட்டா அவ்வளவுதான், தொலைஞ்சோம்" என்றார். ஆல்பத்தை மாமனார் மடியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் குடைநுனியால் தொட்டுத் தொட்டு விளக்கினார். எங்கள் வீட்டுக்கு வந்தால் மாமனார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இங்கே நுனிக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்த மாப்பிள்ளை நான்.

கொலோசியம் வந்தது. மாமனார் குனிந்து பார்த்தார். "இதென்ன மாப்ள, செவுரு பூரா அம்ம போட்ட மாதிரி?"

"கல்லயும் கல்லயும் இரும்புப் பட்டா வெச்சுச் சேத்திருந்தாங்களாமுங்க மாமா. பின்னால வந்தவங்க இரும்புக்காகத் தோண்டித் தோண்டி எடுத்துட்டாங்களாம். கைடு சொன்னாரு."

எங்கள் பக்கத்தில் மூடிப்போன ஃபேக்டரி ஒன்றிலிருந்து இரும்பை எடை போட்டு லாரியில் ஏற்றியதை அதற்கு முந்தின மாதம்தான் பார்த்திருந்தேன். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் வளைவுகள் வந்துவிட்டன.

"சிமெண்ட் இல்லாம இது எப்பிடி மாப்ள நிக்குது?"

"நடு உச்சியில ஒரு கல்லு இருக்குதுங்களா, அதான் பூட்டுக்கல்லு. அது எறங்கி ஒக்காந்துச்சுன்னா எல்லாம் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும்."

"அடேயப்பா!" என்றார் மாமனார்.

ஓடைகளுக்கு மேலே கருங்கல்லில் வளைவு வைத்து மூன்று சின்னப் பாலங்கள் கட்டியவன் நான். அதில் ஒன்றின்மேல் மாமனார் பல வருஷமாகக் கேரட் மூட்டை சுமந்து போயிருக்கிறார். ஒரு நாளும் அடேயப்பா என்றதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அடியில மரத்துல சாரம் கட்டித்தாங்க மொதல்ல நிறுத்தோணும். பூட்டுக்கல்லு வெச்ச பொறகுதான் சாரத்தப் பிரிக்கலாம்" என்றேன்.

சகலை ஒரு கணம் யோசித்தார். "அதெல்லாம் கைடு சொல்லலீங்க சகல" என்று பக்கத்தைத் திருப்பினார்.

வாளி டொக் என்றது.

பாந்தியனுக்கு ஒரே ஒரு போட்டோ. வெளியே பெரிய தூண்களுக்கு முன்னால் சகலை நிற்கிறார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு. மற்றவர்களுக்குத் தெரியாது, அது என் கோலிக்குண்டு. "இது பாந்தியன். பழைய கட்டடம்" என்று சொல்லிவிட்டுச் சகலை சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"உள்ள எடுக்கலீங்களா?" என்றேன்.

"உள்ள இருட்டுங்க."

மறந்துவிட்டார், அல்லது மதிக்கவில்லை. எனக்கு வந்தது கோபம் என்று எழுதினால் பொய். வந்தது சந்தோஷம். இவ்வளவு நாள் காரணம் இல்லாமல் வெந்துகொண்டிருந்தவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சீட்டைக் கொடுத்தேன், கேட்டது ஒரே ஒரு காரியம், அதைச் செய்யவில்லை என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒரு தடவை சொல்லியும் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் உபதேசியார் தேநீர் புரையேறச் சிரித்தார். யாத்திரையில் ஃபாதருக்கு உதவியாக அவரும் போயிருந்தார்.

"ஏனுங் சார், உள்ள நடந்ததச் சொல்லலீங்களா?"

"உபதேசியாரே, சும்மா இருங்க."

"என்ன நடந்துச்சுங்க?" கொழுந்தியாள் விடவில்லை.

"கைடு மேல பாருங்கன்னு சொன்னாருங்க. அந்த ஓட்டை வழியா வெளிச்சம் தூணு மாதிரி எறங்குது. நாப்பது பேரும் வாயப் பொளந்துட்டு மேல பாக்கறோம். சார் மட்டும் கீழ முட்டி போட்டுட்டாரு. ஜெபம் பண்றாராட்ட இருக்குதுன்னு நானும் பக்கத்துல முட்டி போட்டேன்!"

மாமனார் ஆல்பத்தைக் கீழே வைத்தார்.

"பாத்தா குண்டு உருளுது. சார் நாலு கால்ல அதுக்குப் பொறத்தாலயே போறாரு. ஒரு வெள்ளக்காரம்மா காலத் தூக்கிட்டுக் குதிக்குது. காவலாளு வந்து என்னமோ கத்தறான். கைடு ஓடியாந்து அந்தக் குடையாலயே சாரோட முதுகுல தட்டி எந்திரிக்கச் சொல்லிட்டாரு! என்ன பண்றீங்கன்னு இங்கிலீஷ்ல கேக்கறாங்க. கோலிக்குண்டுக்கு இங்கிலீஷ் வார்த்த சாருக்கு அந்த நேரம் பாத்து வரல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனாருக்கு இருமலே வந்துவிட்டது. சகலையின் காது சிவந்துபோயிருந்தது. குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போய், மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். ஏதோ கடை ரசீது. அதன் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே புள்ளிகள் குத்தியிருந்தார். காகிதத்துக்குள் என் கோலிக்குண்டு.

"இருவத்திரெண்டு ஓட்டைங்க சகல. ரெண்டு தடவ எண்ணுனேன். ரெண்டாவது தடவ எண்றப்பத்தான் அவன் வந்தான். தரை நடுவுல லேசா ஒசரம். குண்டு வெளிப்பக்கமா ஓடிடுச்சு."

"பத்து நாளா ஏனுங்க சொல்லல?"

"வாத்தியார் முட்டி போட்ட கதையை எப்பிடீங்க நானே சொல்றது?"

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. குண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெளிச்சம் இதன்மேல் பட்டிருக்கிறது, அந்தத் தரையில் இது ஓடியிருக்கிறது என்று நினைத்தபோது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்தக் குண்டின்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. அதைவிட மோசமாக இன்னொரு நினைப்பும் வந்தது. நான் போயிருந்தால் நாற்பது பேருக்கு நடுவில் முட்டி போட்டிருப்பேனா? மாட்டேன். ஒரு கை பாஸ்போர்ட்டின்மேல், இரண்டு கண்ணும் குடையின்மேல் என்று நின்றிருப்பேன். கேள்வி என்னுடையது, முட்டி போட்டது அவர். குறை சொல்ல எனக்கு மிஞ்சியிருந்த ஒன்றையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

கிளம்பும்போது வாசலில் சகலை மெதுவாகச் சொன்னார்: "அந்த மீதிய அடுத்த மாசம் தந்தர்றேனுங்க."

"அவசரமில்லீங்க" என்றேன்.

பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: "ஃபேக்டரில காசு வரல, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டல. அவசரமில்லீங்களா?"

காரணத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? மீதியைக் கொடுத்துவிட்டால் அவர் முழுக்க முழுக்கத் தன் காசில் போய்வந்தவர் ஆகிவிடுவார். கொடுக்காத வரைக்கும் அந்தச் சீட்டில் ஒரு ஓரம் என்னுடையது. அவ்வளவு இடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

மழை ஓய்ந்ததும் போய்ச் சகலையின் சமையலறைக்கு மேலே கூரையைக் கொத்தி, வாட்டம் கொடுத்து, புதிதாகப் பூசினேன். அதே குண்டை உருட்டிப் பார்த்தேன். நேராகக் குழாய் வாய்க்குப் போய் நின்றது. நான் இறங்கியதும், ஏணியின் அடியில் நின்றிருந்த சகலை கூலியோடு பழைய பாக்கியையும் சேர்த்து நீட்டினார். கூலியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மற்றதை அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டுப்பார்த்தார், இப்போது கேட்பதில்லை. தேயிலை விலை ஏறியது, மறுபடி இறங்கியது. சகலை எனக்குத் தரவேண்டிய பாக்கி இன்றைக்கும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.