கண்மாய்க்குள் ஒரு சுவீடன்

என் மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தம்பி அவர். சுவீடனில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் லீவுக்கு வந்தவர், வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய வரைபடத்தை ஒட்டினார். அவர் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்திலுள்ள பழைய கார் பந்தயத் தடமாம். பெயரைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்.

அதன் பெருமையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போனது. சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டினார்களாம். எட்டு வளைவுகளாம். நீண்ட நேர்ச்சாலையில் விமானமே இறங்குமாம். ஒரு காலத்தில் உலகத்துப் பெரிய பந்தயக்காரர்களெல்லாம் அங்கே வந்து ஓட்டியிருக்கிறார்களாம். இன்னொரு விசேஷமும் உண்டு. மற்ற ஊர்களில் பந்தயம் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்திலேயே வண்டியைப் பழுது பார்க்கும் இடமும் இருக்கும். இங்கே மட்டும் கோடு ஒரு மூலை, பழுது பார்க்கும் இடம் வேறொரு மூலை. "ஏன் மாமா அப்பிடி?" என்று கேட்டால், "அதான்டி அதோட அழகே" என்பார்.

வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் அதே தடத்தை அவர் சுண்ணாம்புத் தூளால் போட்டார். கண்மாய்க்கரைதான் விமானம் இறங்கும் சாலை. வளைவுகளெல்லாம் உள்ளே, நடுத்திட்டில் இருந்த ஐயனார் கோயிலைச் சுற்றிக்கொண்டு. பழுது பார்க்கும் இடம், கரையோரமாக இருந்த தையல்கார அக்கா வீட்டு வாசல். எங்கள் பள்ளிக்கூடத்து யூனிஃபார்மெல்லாம் அந்த அக்கா தைத்ததுதான்.

சைக்கிள் பந்தயம், இரண்டு சுற்று. முதல் சுற்றில் எல்லாரும் அந்த வாசலில் நின்று, மாமா கையால் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஜெயிப்பவருக்கு மாமா தலையிலிருந்த சிவப்புத் தொப்பி. சுவீடனில் அந்தத் தடத்துக்கே போய் வாங்கியது. எனக்கு அது வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு வேண்டும். பெரியப்பா மகனான அண்ணனுக்கு என்னைவிடப் பெரிய காலும் பெரிய சைக்கிளும் இருந்தன. இருக்கட்டுமே, எட்டு வளைவும் எனக்கல்லவா மனப்பாடம்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டில் நின்று மிதிக்கப்போகும் நேரத்தில் பூசாரி ஓடிவந்தார். மாமா படத்தை எந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டாரோ, தடம் ஐயனாரை இடப்பக்கமாகச் சுற்றியது.

"ஆரு தம்பி இது? சாமிய எடமாவா சுத்துவாக? எல்லாரும் வலமாப் போங்க, இல்லாட்டி ஒரு வண்டியும் நகராது!"

சுவீடன்காரன் போட்டது போட்டபடி இருக்க வேண்டும் என்று ஒரு வாரமாகக் கத்திய மாமா, உடனே தலையாட்டினார். "அங்கிட்டுப் போனா என்ன, இங்கிட்டுப் போனா என்ன. காத்தடிக்கிற எடம் மட்டும் மாறக் கூடாது" என்றார். நான் மனப்பாடம் செய்த அத்தனையும் தலைகீழாகப் போனது. அழுகை வந்தது. ஆனாலும் மிதித்தேன்.

மூன்றாவது வளைவு மணலில் அண்ணன் சறுக்கி விழுந்தான். நான்தான் முதல் ஆளாக அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். மாமா கையில் பம்பு இருந்தது. வாய் மட்டும், சுவீடனில் ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கழுத்தில் இஞ்சு டேப்போடு நின்ற அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"மாமா, காத்து!"

"இரு தங்கம், வாரேன்."

எங்கே வந்தார்? அண்ணன் முழங்கால் சிராய்ப்போடு வந்தான், எங்களைப் பார்த்தான், நிற்காமலே போய்விட்டான். "ஏமாத்துறான் மாமா!" என்று கத்தினேன். மாமா திரும்பவேயில்லை. கடைசியில் ஆடி அசைந்து கோட்டுக்கு வந்து, "யாருடா ஜெயிச்சா?" என்று கேட்டு, தொப்பியைக் கழற்றி அண்ணன் தலையில் வைத்தார். பாவி மாமா!

சாயங்காலம் வீட்டு நடுவில் நின்று எல்லாரிடமும் பிராது வைத்தேன். "காத்தே அடிக்கலை! அந்த அக்காகிட்டயே பேசிக்கிட்டு நின்னாரு!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "எம்புட்டு நேரம்டி பேசுனான்?"

"ரொம்ப நேரம்! அந்த அக்காவும் சிரிச்சுச்சு!"

மாமா சுவரிலிருந்த வரைபடத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவிடம் திரும்பி, "ஏங்க, அந்தப் புள்ள ஒங்களுக்குத் தங்கச்சி மொறைதானே?" என்றாள். ஆமாம் என்றார் அப்பா. இரண்டு பேரும் என்னை மாற்றி மாற்றிக் குறுக்கு விசாரணை செய்தார்கள். என் கட்சி பலமாகிவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா சலவை வேட்டி கட்டினார், அம்மா பட்டுப்புடவை. தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம். தையல்கார அக்கா வீட்டுக்குத்தான். எனக்காக நியாயம் கேட்கத்தான் போகிறார்கள் என்று, சாட்சி சொல்ல நானும் நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். அண்ணன் நிற்காமல் போனதை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சண்டைக்குப் போகிறவர்கள் எதற்குப் போகிற வழியில் நின்று நாலு முழம் மல்லிகைப்பூ வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.